ஆப்புக்கு மேல் ஆப்பு!

நம் அரசுகளுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பிரச்னை வந்தாலும் உடனே ஒரு ஆப் வெளியிட்டுவிடுவார்கள். தமிழில் ஆப்பு என்றால் வேறு அர்த்தம். தஞ்சாவூர் விவசாயியிடம் கேட்டால், ‘ரெண்டும் ஒண்ணுதாங்க’ என்பார்.

கணக்குப் பாருங்கள். மானியம், சந்தை விலை பார்க்க 2018-ல் வந்த உழவன் ஆப். பட்டா, சிட்டா, அடங்கலுக்கு வருவாய்த்துறையின் தளம். நெல் விற்க முன்பதிவு செய்ய நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் தளம். பயிர்க் காப்பீட்டுக்கு ஒன்று. வருஷத்துக்கு 6,000 ரூபாய் தரும் கிசான் உதவித்தொகைக்கு இன்னொன்று. இத்தனையும் போதாதென்று 2025-ல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண். எல்லா இடத்திலும் கேட்பது அதே பெயர், அதே ஆதார், அதே சர்வே எண், அதே பாங்க் கணக்கு!

இவற்றில் சில இப்போதுதான் ஒன்றோடொன்று லேசாகப் பேச ஆரம்பித்திருக்கின்றன. மற்றபடி ஒரு துறையின் கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு துறையின் கம்ப்யூட்டருக்குத் தகவலைச் சுமந்து செல்லும் கேபிள் எது தெரியுமா? விவசாயியின் டி.வி.எஸ். ஃபிஃப்டி. கையில் ஜெராக்ஸ் கட்டு.

இதனால் என்ன குடி முழுகிப் போச்சு என்று நகரத்தில் இருக்கும் நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. காயவைத்துக் கொண்டுவந்த நெல்லை இன்றைக்கு எடைபோடாமல் நாளைக்கு என்று சொல்லி, ராத்திரி ஒரு மழை அடித்தால் தீர்ந்தது கதை. 2025 அக்டோபரில் அதுதான் நடந்தது. குறுவை அறுவடையும் மழையும் ஒன்றாக வந்தன. விற்கக் காத்திருந்த நெல் நனைந்து முளைவிட்டது. ஈரப்பத வரம்பை 22 சதவீதமாகத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு கேட்க, டெல்லியிலிருந்து குழுக்கள் வந்து நெல்லை அள்ளிப் பார்த்தன. அந்தப் பருவத்தில் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து சாதாரண ரகம் குவிண்டால் 2,500 ரூபாய். நாற்பது கிலோ மூட்டை ஒன்று முளைத்தால் ஆயிரம் ரூபாய் மண்ணோடு போச்சு.

மழையை எந்த சாஃப்ட்வேரும் நிறுத்தாது. லாரி, சாக்கு, கிடங்கு இல்லாத குறையையும் அது தீர்க்காது. ஆனால் எந்த நிலையத்தில் மூட்டை தேங்குகிறது என்று முதலில் தெரிவது அங்கே உட்கார்ந்திருக்கும் பட்டியல் எழுத்தருக்கு. அவர் என்ன செய்வார்? மேலதிகாரிக்கு போன் போடுவார். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போடுவார். அதற்குக் கீழே நாலு கும்பிடு, ஐந்து ‘நோட்டட் சார்’. அதற்கு மேல் அது யார் பொறுப்பு? யாருக்கும் தெரியாது. வாட்ஸ்அப் குரூப் என்பது பதிவேடு அல்ல. அதில் போட்டதற்கு யாரும் பதில் சொல்லியே தீரவேண்டும் என்பதும் இல்லை.

பழைய மகாபலிபுரம் ரோட்டு கம்பெனிகளில் இந்தக் கூத்து எப்போதோ முடிந்துவிட்டது. ஸ்லாக், டீம்ஸ், க்ளிக் என்று ஊழியர்கள் பேசிக்கொள்ள ஒரு பொது இடம். கம்பெனி தன் தேவைக்குச் செய்துகொண்ட சின்னச் சின்ன ஆப்களையும் அதற்குள்ளேயே கொண்டுவந்து மாட்டிவிடுவார்கள். லீவு கேட்டால் மேனேஜரின் அரட்டைப் பெட்டியில் ‘சம்மதம்’, ‘மறுப்பு’ என்று இரண்டு பட்டன் வரும். ஸ்டாக் குறைந்தால் கோடவுன்காரருக்குத் தகவல் தானே போகும். அவர் கவனிக்காவிட்டால் அவருக்கு மேலே இருப்பவருக்குப் போகும். பத்து ஆப்பைத் திறந்து மூட வேண்டாம்.

இதையே கொள்முதலுக்குச் செய்தால்? நிலையத்தில் தேக்கம் ஓர் அளவைத் தாண்டியதும் லாரி ஒதுக்குபவருக்கும் கிடங்குக்காரருக்கும் மண்டல மேலாளருக்கும் ஒரே நேரத்தில் தகவல். நாளை மழை என்றால் இன்றே எச்சரிக்கை. யார் எப்போது பார்த்தார், என்ன செய்தார் என்பதற்கு அழிக்கமுடியாத பதிவு. இதற்கெல்லாம் அமெரிக்காவுக்குப் போகவேண்டாம். தஞ்சை மாவட்டத்துக்காரரான ஸ்ரீதர் வேம்புவின் ஸோஹோவே இப்படிப்பட்ட தளத்தை உலகத்துக்கு விற்கிறது. சுமார் 12 லட்சம் மத்திய அரசு ஊழியர்களின் மெயிலே அங்கே போய்விட்டதாக 2025-ல் செய்தி வந்தது.

பின் ஏன் நடக்கவில்லை? புது ஆப் என்றால் தொடக்கவிழா உண்டு, மந்திரி வருவார், போட்டோ வரும். ஏற்கெனவே இருக்கும் இரண்டு ஆப்களை இணைத்தால் யார் போட்டோ எடுப்பார்கள்? இன்னொரு காரணமும் இருக்கிறது. இரண்டு ஆப்களுக்கு நடுவே இருக்கும் சந்தில்தான் தரகர் கடை போடுகிறார். மூட்டைக்கு இவ்வளவு என்று வசூல், வியாபாரியின் நெல் விவசாயி பெயரில் உள்ளே போவது... இந்தப் புகார்கள் டெல்டாவில் நேற்று முளைத்தவை அல்ல.

‘எல்லாத் தகவலையும் ஒரே இடத்தில் கொட்டினால் ஆபத்தில்லையா?’ ஆபத்துதான். அதனால் கொட்டச் சொல்லவில்லை, வாய்க்கால் வெட்டத்தான் சொல்கிறேன். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம் என்று தண்ணீரைப் பிரித்து, அளந்து விடுகிறோமே, அந்த மாதிரி. பட்டியல் எழுத்தருக்கு ‘இந்த நெல் இந்த நிலத்தில் விளைந்ததா?’ என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற பதில் போதும். விவசாயியின் சொத்துக் கணக்கும் கடன் கணக்கும் அவருக்கு எதற்கு?

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. டெல்டாவில் கோயில் நிலம், மடத்து நிலம், மிராசுதார் நிலம் என்று குத்தகைக்கு உழுபவர்கள் ஏராளம். குத்தகையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்தும் வாய்வார்த்தைக் குத்தகைகள் இன்னும் இருக்கின்றன. பட்டாவை மட்டும் நம்பி எல்லா ஆப்களையும் இணைத்தால் என்ன ஆகும்? இன்றைக்கு ஒரு ஜன்னலில் விரட்டப்படும் குத்தகைதாரர், நாளைக்கு எல்லா ஜன்னல்களிலும் ஒரே நொடியில் விரட்டப்படுவார். தப்பான தகவலை இணைத்தால் தப்புதான் வேகமாகப் பரவும்.

எனவே கோரிக்கைகள் மூன்று. ஒன்று, இருக்கும் ஆப்களை இணைக்காமல் புது ஆப் எதற்கும் காசு ஒதுக்காதீர்கள். இரண்டு, வடிவமைக்கும்போது பட்டியல் எழுத்தரையும் கிராம நிர்வாக அலுவலரையும் குத்தகை விவசாயியையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். 2024-ல் டிஜிட்டல் பயிர் கணக்கெடுப்புக்கு கிராம நிர்வாக அலுவலர்கள் முடியாது என்று சொல்ல, வேளாண் கல்லூரி மாணவர்களை வயலில் இறக்கிய கதை மறந்துவிட்டதா? மூன்று, எந்த கம்பெனியின் தளமானாலும் தகவல் நமக்குச் சொந்தம், வேண்டாமென்றால் எடுத்துக்கொண்டு வெளியேறலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

மேட்டூர் நிரம்பினால் மட்டும் கடைமடையில் நாற்று நிமிராது. வாய்க்கால் தூர்வாரியிருக்க வேண்டும். இது தெரியாதவர் தஞ்சாவூரில் யாரும் இல்லை. தெரியவேண்டியது சென்னைக்கும் டெல்லிக்கும்தான்.