ரோபோ பக்கத்தில் நிற்கிற பையன்

சிவகாசி அச்சகங்களுக்கு டிசைன் செய்து கொடுப்பது என் தொழில். காலண்டர், டைரி அட்டை, பட்டாசுப் பெட்டி லேபிள் எல்லாம் வரும். சில மாதங்களுக்கு முன்பு ஃபேன்சி வெடிக்கு லேபிள் கேட்டு ஒருவர் வந்தார். "ராட்சச ரோபோ ஒண்ணு வேணும் தம்பி. பார்த்ததும் பிள்ளைங்க வாங்கித் தரச் சொல்லி அழணும்" என்றார்.

போட்டோஷாப்பில் வரைந்தேன். ரோபோவின் காலடியில் அரை டவுசர் போட்ட ஒரு பையன் அண்ணாந்து பார்ப்பது போல், தனி லேயரில் வைத்தேன். (லேயர் என்பது கண்ணாடித் தாள் மாதிரி. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம், வேண்டாததை மறைக்கலாம்.)

"பையன் எதுக்கு இடத்தை அடைச்சிக்கிட்டு? அவனை எடுத்துட்டு ரோபோவைப் பெருசாக்குங்க."

லேயருக்குப் பக்கத்தில் உள்ள கண் படத்தை ஒரு கிளிக் செய்தேன். பையன் மறைந்தான். ரோபோவை இழுத்துப் பெட்டியின் ஓரம் வரை பெரிதாக்கினேன். இருவரும் திரையையே பார்த்தோம். முன்பு மாடி வீடு உயரம் நின்ற ரோபோ, இப்போது திருவிழாக் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருந்தது.

என் வீட்டிலும் இதே வழக்குதான். என் மகன் ரோபோ படம் எதைப் போட்டாலும் மனிதர்கள் பேசத் தொடங்கியதும் கை கீபோர்டுக்குப் போய்விடும். வி.எல்.சி. பிளேயரில் கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு வலது அம்புக்குறியைத் தட்டினால் ஒரு நிமிடம் தாவும். தட்டு, தட்டு, சண்டை வந்ததும் நிறுத்து. இரண்டரை மணி நேரப் படத்தை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு "போர்" என்று எழுந்து போகிறான். எனக்குச் சிரிப்பு வருகிறது. இரும்பும் இரும்பும் மோதுவதைப் பார்க்க வேண்டுமென்றால் விருதுநகர் ரயில் நிலையத்தில் போய் நிற்கலாமே!

அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2007-இல் வந்த 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' படத்தையும் அதன் அடுத்த பாகங்களையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரோபோவைப் பார்க்க டிக்கெட் வாங்கினால், கதாநாயகன் வீட்டுக் கூத்தும் காதலுமாகவே நேரம் ஓடும். தப்பு மனிதனைச் சேர்த்ததில் இல்லை. அவனுக்கு வேலை கொடுக்காததில்தான் இருக்கிறது.

வேலை கொடுத்த கதை ஒன்று சொல்கிறேன். 1967-இல் ஜப்பானில் தொடங்கிய 'ஜயன்ட் ரோபோ' தொடரை 1980-களில் தூர்தர்ஷனில் பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். ஜானி என்ற சின்னப் பையனின் கைக்கடிகாரத்துக்குத்தான் அந்த மலை போன்ற ரோபோ கட்டுப்படும். முதலில் யார் குரல் பதிந்ததோ அவர் சொன்னால் மட்டுமே கேட்கும். கடைசிப் பகுதியில் அந்த ரோபோ ஒரே ஒரு முறை பையனின் பேச்சை மீறுகிறது. அணு ஆற்றலோடு வெடிக்கப் போகும் வில்லனைத் தூக்கிக்கொண்டு வானத்துக்குப் போய்விடுகிறது. கீழே பையன் திரும்பி வரச் சொல்லிக் கத்துகிறான். அந்தப் பையன் இல்லாமல் அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒரு மெஷின் உடைந்தது, அவ்வளவுதான்.

நம் ஊருக்கு ரோபோவைக் கொண்டு வந்தது சினிமாவும் டிவியும் மட்டும் இல்லை. 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ் தொடங்கியது இதே சிவகாசியில்தான். 1984-இல் வந்த லயன் காமிக்ஸ்தான் ஆர்ச்சியைத் தமிழ் பேச வைத்தது. சட்டித்தலையன் ஆர்ச்சி! 1952-இல் இங்கிலாந்துப் பத்திரிகையில் பிறந்தபோது அவன் வாய் பேசாத இரும்பு. இரண்டு நண்பர்கள் ரிமோட்டில் இயக்கினார்கள். பிறகுதான் பேச்சு வந்தது, கூடவே தற்பெருமையும் வந்தது. பெருமையடிக்கக் கேட்பதற்கு ஆள் வேண்டாமா? அந்த இரண்டு நண்பர்கள் தலையில் அடித்துக்கொண்டதால்தான் நாங்கள் ஆர்ச்சியைப் பார்த்துச் சிரித்தோம்.

இனி 'எந்திரன்' (2010). கடைசியில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் ஒன்றாகச் சேர்ந்து பந்தாகவும் பாம்பாகவும் ராட்சச மனிதனாகவும் மாறும் காட்சிக்கு என் மகன் நேராகத் தாவுவான். எனக்கு மறக்காதது அதற்கு வெகு முன்னால் வரும் தீ விபத்து. எரியும் கட்டடத்திலிருந்து சிட்டி ஒவ்வொருவராகத் தூக்கி வருகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே எல்லோர் முன்னாலும் கொண்டு வந்து நிறுத்துகிறது. அவமானம் தாங்காமல் ஓடிய அவள் வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். சிட்டியின் கணக்கில் உயிர் காப்பாற்றியாகிவிட்டது. கணக்கு எங்கே பிசகியது என்று காட்ட அந்தப் பெண் தேவைப்பட்டாள். '2.0' (2018) படத்திலும் அப்படித்தான். செல்போன்களால் ஆன ராட்சசப் பறவை முதல் பாதியில் வெறும் கிராஃபிக்ஸ். பறவைகளுக்காக மன்றாடித் தோற்ற கிழவர் பக்ஷிராஜனின் கதை வந்த பிறகுதான் அதற்குக் கனம் வருகிறது.

தீ என்று எழுதியதும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வேறு ஞாபகம் வரும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்ததில் முப்பத்தைந்து பேருக்கு மேல் இறந்தார்கள். உதவிக்கு ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு. மருந்து கலக்கும் அறைக்கு ரோபோ வந்தால் என்ன என்று நாங்கள் பேசுவது கதைக்காக அல்ல.

எங்கள் சித்தி பல வருடம் பட்டாசு ஆலைக்குப் போனவர். விரல் இடுக்கில் அலுமினியப் பவுடரின் வெள்ளி நிறம் போகாது. அவரிடம் ஒரு நாள் சொன்னேன். "சித்தி, மருந்து கலக்க ரோபோ வந்திருச்சுன்னா ஒரு உயிரும் போகாதுல்ல?"

"வரட்டும்யா, நல்லதுதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சனிக்கிழமை சம்பளத்தை அதுவா வந்து வாங்கும்?" என்று கேட்டார்.

நான் பார்த்த ரோபோ கதைகளில் விஞ்ஞானி உண்டு, ரிமோட் வைத்திருக்கும் பையன் உண்டு, அலறிக்கொண்டு ஓடும் கூட்டம் உண்டு. ரோபோ வந்ததால் உயிர் தப்பி, அதே ரோபோவால் கூலி இழந்த ஒரு சித்தி இல்லை. அப்படி ஒரு கதை வந்தால் என் மகனை அம்புக்குறியைத் தொட விடமாட்டேன். எழுதுவதென்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான் எழுத வேண்டும். கம்ப்யூட்டர் வந்துவிட்டது, தமிழில் டைப் அடிக்க யூனிகோட் இருக்கிறது.

லேபிள் என்ன ஆனது என்கிறீர்களா? பையன் இருப்பது ஒன்று, இல்லாதது ஒன்று என இரண்டு ஃபைலாகச் சேமித்து, இரண்டையும் பிரிண்ட் போட்டு அவரிடம் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே வந்தார்.

"பேத்தி பையன் இருக்கிறதைத்தான் எடுத்துச்சு. இருக்கட்டும். ஆனா ஒண்ணு தம்பி, வெடிப் பெட்டி பாருங்க, அவனைக் கொஞ்சம் தள்ளி நிக்க வைங்க."

லேயரைப் பிடித்து இடது பக்கம் நகர்த்தினேன். "இன்னும் கொஞ்சம்" என்றார்.