குடியரசில் அரச குடும்பம்

விழுப்புரம் மாவட்டத்தில் பனமலை என்னும் சிற்றூர் உள்ளது. ஏரியை ஒட்டிய சிறு குன்றின்மேல் தாளகிரீசுவரர் கோவில் நிற்கிறது. காஞ்சியில் கயிலாசநாதர் கோவிலை எழுப்பிய இராசசிம்ம பல்லவனே எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனையும் கட்டினான். பக்கச் சிற்றாலயம் ஒன்றின் சுவரில், குடையின்கீழ் ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்று இறைவனின் ஆடலைக் காணும் உமையின் ஓவியம், பெரும்பகுதி சிதைந்த பின்னும் அழகு குன்றாமல் இருக்கிறது. பல்லவர் தம் சாசனங்களில் பரத்துவாசர், துரோணர், அசுவத்தாமன் எனத் தம் குலமரபைப் புராண காலம்வரை கொண்டுசென்றனர். அவ்வளவு நீண்ட குலமரபைக் கல்லில் பொறித்தவர்களின் வழித்தோன்றல் யார் என இன்று கேட்டால் விடையில்லை. கோவிலை இந்தியத் தொல்லியல் துறை காத்துவருகிறது. செஞ்சியிலும் இதே நிலைதான். 1714இல் போரில் மாண்ட தேசிங்குராசனைக் கதைப்பாடல் நினைவில் வைத்திருக்கிறது. அவனது கோட்டையைக் காப்பது அரசுத் துறை.

ஆகவே இம்மாவட்டத்து மாணவர்க்கு அரசர் என்றால் கல்லும் கதையும் மட்டுமே. ஆனால், அரசு மறைந்த பின்னும் அரச குடும்பம் மறையாத ஊர்கள் தமிழகத்தில் உண்டு. திருவிழாவில் முதல் மரியாதை, அழைப்பிதழில் ‘மன்னர்’ என்னும் அடைமொழி, கோவில் நிருவாகத்தில் பரம்பரை உரிமை ஆகியவை அங்கே இன்றும் தொடர்கின்றன. மக்களே ஆளும் நாட்டில் இக்குடும்பங்களுக்கு என்ன இடம்? மற்றவர்க்குள்ள இடமே போதும் என்பது என் கருத்து. பொதுப்பணி எதையேனும் அவர்கள் ஏற்றால், மற்றவரைப் போலவே கணக்கும் காட்டவேண்டும்.

அருளும் உரிமையும்

பனமலையைப் போலவே பழைய ஓவியங்களால் பெயர்பெற்றது சித்தன்னவாசல். அது அமைந்துள்ள புதுக்கோட்டைப் பகுதியை 1948வரை தொண்டைமான் மரபினர் ஆண்டனர். அவர்களின் ஆட்சியைப் பழிப்பது எளிது, நேர்மையன்று. 1910இலேயே அங்கு அருங்காட்சியகம் தோன்றியது. 1924இல் சட்டமன்றம் அமைந்தது. ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் முத்துலட்சுமி என்னும் மாணவி சேர விரும்பியபோது ஊரில் எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதனைப் பொருட்படுத்தாது இசைவளித்தார். பின்னாளில் மருத்துவராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கிய முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்வில் அந்த இசைவு ஒரு திருப்புமுனை.

ஆனால், மன்னர் மறுத்திருந்தால் என்னவாகியிருக்கும்? அந்த மாணவி எங்கே முறையிட்டிருக்க முடியும்? நல்ல மன்னர் வாய்த்ததால் ஒரு பெண் படித்தார். இன்று அதே புதுக்கோட்டையில் ஆயிரக்கணக்கான மாணவியர் எவருடைய மனத்தையும் எதிர்பாராமல் வகுப்பறைக்குள் நுழைகின்றனர். அருளுக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. அருளுக்கு நாம் நன்றி சொல்லலாம். மறுக்கப்பட்டால் நீதிமன்றம் செல்ல உரிமையால் மட்டுமே முடியும்.

அந்த மன்னரின் அதிகாரத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. 1915இல் அவர் ஆசுதிரேலியப் பெண் ஒருவரை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த மகனுக்கு அரசுரிமை இல்லை என ஆங்கில அரசு முடிவுசெய்தது. 1928இல் ஆறு வயதுச் சிறுவரான இராசகோபாலத் தொண்டைமான் அரியணையில் அமர்த்தப்பட்டார். பிறப்பால் வருவதாகச் சொல்லப்பட்ட அரியணையை யார் பெறுவது என்பதை வேற்றுநாட்டு அதிகாரிகளே தீர்மானித்தனர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. இராசகோபாலர் 1948 மார்ச் 3 அன்று தம் சமஸ்தானத்தை இந்திய ஒன்றியத்துடன் இணைத்தார். அவரது புதிய அரண்மனை இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகமாக இயங்குகிறது.

மன்னர்கள் தொடுத்த வழக்கு

இணைப்புக்கு ஒரு விலை இருந்தது. 550க்கும் மேற்பட்ட சமஸ்தானங்களைப் பெரும்பாலும் போரின்றி ஒன்றிணைத்த வல்லபபாய் படேல், முன்னாள் அரசர்க்கு ஆண்டுதோறும் மன்னர் மானியம் வழங்கப்படும் என உறுதியளித்தார். அரசமைப்புச் சட்டத்தின் 291, 362 ஆகிய பிரிவுகள் அதற்குச் சான்றாயின. மைசூர் மன்னருக்கு ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய். சௌராட்டிரத்தின் கட்டோடியா என்னும் சிற்றூர் அரசருக்கு 192 ரூபாய். அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு சட்டத்தின்முன் யாவரும் சமம் என்கிறது. 18ஆம் பிரிவு அரசு பட்டங்கள் வழங்குவதைத் தடைசெய்கிறது. ஒரே நூலுக்குள் இரு குரல்கள் ஒலித்தன என்றே சொல்லவேண்டும்.

1970இல் மானியத்தை ஒழிக்கும் மசோதாவை மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் ஆதரவாக 149 பேரும் எதிராக 75 பேரும் வாக்களித்தனர். மூன்றில் இரு பங்குக்கு ஒரு வாக்குக்கும் குறைவான பின்னமே தேவைப்பட்டது. மசோதா தோற்றது. மறுநாளே, செப்டம்பர் 6 அன்று, குடியரசுத் தலைவரின் ஆணை வழியாக மன்னர்களுக்கான ஏற்பு திரும்பப் பெறப்பட்டது. குவாலியரின் மாதவராவ் சிந்தியா உள்ளிட்டோர் உச்ச நீதிமன்றம் சென்றனர். டிசம்பர் 15 அன்று பதினொரு நீதிபதிகள் அடங்கிய ஆயம் அந்த ஆணையைச் செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

இவ்வழக்கில் எனக்குப் பெரிதும் வியப்பளிப்பது தீர்ப்பன்று, மனுவே. தம் அரச நிலையைக் காத்துக்கொள்ள அம்மன்னர்கள் கையிலெடுத்தது வாளும் படையும் அல்ல; எந்தக் குடிமகனும் பயன்படுத்தக்கூடிய 32ஆம் பிரிவு. தம்மை அரசர் என வாதிட அவர்கள் குடிமக்களாகவே நீதிமன்றப் படியேறவேண்டியிருந்தது. குடியரசும் அவர்களைக் குடிமக்களாக ஏற்று, அரசுக்கு எதிராகவே அவர்களைக் காத்தது. பின்னர் 1971இல் பொதுத்தேர்தல் நடந்தது. அதே ஆண்டின் இறுதியில் 26ஆம் திருத்தம் நிறைவேறி மானியமும் சிறப்புரிமைகளும் ஒழிந்தன. கொடுத்த வாக்கை நாடு மீறியது என்னும் வருத்தம் சிலருக்கு இன்றும் உண்டு. அதில் நியாயமில்லை என்று கூறமாட்டேன். ஆயினும், ஒரு தலைமுறை தந்த வாக்கு வருகின்ற தலைமுறைகளை எல்லாம் பிறப்பின் அடிப்படையில் என்றென்றும் பிரித்துவைக்க முடியாது. அவசர ஆணையால் செய்ய முயன்றது தவறு. மக்களிடம் சென்று திரும்பி, சட்டத்தைத் திருத்திச் செய்தது சரி.

முடியாட்சி நாடுகள் சொல்வது

பிரிட்டன், சப்பான், சுவீடன் போன்ற நாடுகளில் முடியும் மக்களாட்சியும் ஒருங்கே இருக்கின்றனவே எனச் சிலர் வினவலாம். தகுந்த வினாதான். பிரிட்டனில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு 1708க்குப் பின் ஒருமுறைகூட முடியின் ஒப்புதல் மறுக்கப்பட்டதில்லை. கட்சிகளுக்கு அப்பாற்பட்ட ஒருவர் நாட்டின் அடையாளமாக இருப்பது நல்லதென அங்குள்ளோர் கருதுகின்றனர். இன்னும் வலுவான சான்று எசுப்பானியா. 1981 பிப்ரவரி 23 அன்று ஆயுதமேந்திய வீரர்கள் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குள் புகுந்தனர். மன்னர் குவான் கார்லோசு அன்று நள்ளிரவு கடந்து தொலைக்காட்சியில் தோன்றி மக்களாட்சியின் பக்கம் நின்றார்; கலகம் அடங்கியது. ஆனால், அதே மன்னர் 2014இல் முடிதுறந்தார். தம் நிதி விவகாரங்கள்மீது ஐயம் எழுந்த நிலையில் 2020இல் நாட்டைவிட்டே சென்றார். ஓர் இரவின் துணிவு நாற்பதாண்டுக் கணக்கை மறைத்துவிட முடியவில்லை.

நாட்டின் அடையாளமாக ஒருவர் வேண்டும் என்னும் கருத்தை இந்தியாவும் ஏற்றது. பிறப்பால் வருபவர் வேண்டாம் என்றது. இராமேசுவரம் ஒரு காலத்தில் சேதுபதிகளின் ஆளுகைக்கு உட்பட்ட ஊர். அவ்வூரில் படகு வைத்திருந்த ஒருவரின் மகனாகிய அப்துல் கலாம் 2002இல் குடியரசுத் தலைவரானார். சேதுபதி மரபில் வந்த சண்முக இராசேசுவர சேதுபதியோ தேர்தலில் நின்று வென்று, 1952இல் இராசாசி அமைச்சரவையில் இடம்பெற்றார். இருவரும் சென்றது தேர்தல் என்னும் ஒரே வாயில் வழியாகத்தான். புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்துச் சாருபாலா 2001இல் திருச்சிராப்பள்ளி மேயரானார். 2009 மக்களவைத் தேர்தலில் சில ஆயிரம் வாக்குகளில் தோற்றார். அரச குடும்பத்தார் தோற்கவும் கூடும் என்பதே அத்தேர்தலின் பெருமை.

கோவிலும் கணக்கும்

சிக்கல் மிகுந்த இடம் கோவில்தான். தஞ்சை மராத்திய அரசு 1855இல் முடிவுக்கு வந்தது. எனினும் தஞ்சைப் பெரிய கோவில் உள்ளிட்ட 88 கோவில்களைக் கொண்ட அரண்மனை தேவத்தானத்துக்கு அக்குடும்பத்தின் மூத்தவரே பரம்பரை அறங்காவலர். பிறப்பால் வரும் அறங்காவல் எனக்கு முழுவதும் உடன்பாடன்று. ஆயினும், கட்டடத்தைத் தொல்லியல் துறையும் நிருவாகத்தை அறநிலையத் துறையும் கண்காணிக்க, அவர் பொறுப்பை மட்டும் சுமப்பாராயின் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம்.

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோவில் வழக்கிலும் இவ்வினா எழுந்தது. கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் 1991இல் மறைந்ததால் குடும்பத்தின் நிருவாக உரிமை முடிந்துவிடவில்லை என 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால், மாவட்ட நீதிபதி தலைமையில் நிருவாகக் குழு அமைந்தது. தணிக்கையிலிருந்து விலக்கு வேண்டும் எனக் கோவில் அறக்கட்டளை கேட்டபோது, 2021இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. உரிமை உண்டு, தணிக்கையும் உண்டு. இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

அதே சித்திரைத் திருநாள்தான் 1936 நவம்பர் 12 அன்று ஆலய நுழைவுப் பிரகடனம் வெளியிட்டவர். அதற்காக அவரைப் போற்றுகிறோம், போற்றவும் வேண்டும். ஆனால், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், கோவிலைச் சூழ்ந்த தெருவில் நடக்கும் உரிமைக்காக வைக்கத்தில் மக்கள் போராடியதையும், பெரியார் அங்கே சிறை சென்றதையும் விட்டுவிட்டுப் பிரகடனத்தை மட்டும் சொன்னால், போராடிப் பெற்ற ஒன்று அரண்மனைக் கொடையாகிவிடும். வரலாற்று நூல்கள் இப்பிழையை அடிக்கடி செய்கின்றன.

பழைய அரச குடும்பங்களைக் கண்டு நான் அஞ்சவில்லை. அவற்றிடம் இன்று அதிகாரம் இல்லை. அரசர் போனபின்னும் நம்மிடம் தங்கிவிட்ட பணிவே கவலை தருகிறது. தலைவரின் பிள்ளையைச் சுவரொட்டியில் ‘இளவரசே’ என்று விளிப்பவர் அரண்மனையில் வளர்ந்தவர் அல்லர். நம் தெருவில் வாழ்பவர்தான்.

இதற்கு மாறான மரபும் நம்மிடம் உண்டு. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோவில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட குடவோலை விதிகள் உள்ளன. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கு மட்டுமே அங்கே வாய்ப்பு. அதனை இன்றைய மக்களாட்சியென மிகைப்படுத்தலாகாது. ஆயினும் ஒரு விதி எண்ணத்தக்கது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது சென்றவர் மட்டுமன்று, அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியிழப்பர். உறவு பதவியைத் தந்துவந்த காலத்தில், உறவாலேயே பதவி மறுக்கப்படும் எனவும் ஓர் ஊர்ச்சபை எழுதிவைத்தது.

இன்னும் ஓரிரு ஆண்டுகளில் உங்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறும். இப்போது ஒவ்வொரு வேட்பாளரும் தம் சொத்து, கடன், குற்ற வழக்கு விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்தாகவேண்டும். தேர்தல் ஆணையம் அதனை யாவரும் படிக்குமாறு வெளியிடுகிறது. வேட்பாளர் எந்த வீட்டுப் பிள்ளை என்பதை ஊரார் சொல்லிவிடுவர். அந்தப் பத்திரத்தில் உள்ளதை நீங்கள்தான் தேடிப் படிக்கவேண்டும்.