விளைந்த பயிர் நாற்றாகுமா?

கதிர் முற்றிய நெற்பயிர் மீண்டும் நாற்றாகுமா என்று நாஞ்சில் நாட்டு உழவரிடம் கேட்டால் நகைப்பார். உயிரியலாரும் நெடுங்காலம் அவ்வாறே நகைத்தனர். தோலாக முதிர்ந்த உயிரணு தோலாகவே மடியும் என்பதே அவர்கள் கற்பித்த பாடம். 1962-இல் ஜான் கர்டன், தவளையின் குடலணுவிலிருந்த உட்கருவை முட்டையொன்றில் பொருத்தித் தலைப்பிரட்டைகளை வளர்த்துக் காட்டினார். அப்போதும் ஐயம் தீரவில்லை.

2006-இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஷின்யா யாமனாகாவும் கசுதோஷி தகாஹாஷியும் சுண்டெலியின் வால்நுனியிலிருந்து எடுத்த முதிர்ந்த அணுக்களை ஆராய்ந்தனர். 24 மரபணுக்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்து, நான்கே போதும் எனக் கண்டனர். அந்நான்கையும் வைரசின் வழியே உட்செலுத்த, முதிர்ந்த அணு இளமை எய்திற்று. நரம்பாகவும் தசையாகவும் இதயமாகவும் வளரவல்ல நிலையை அடைந்தது. மறு ஆண்டே மனித அணுவிலும் இது கைகூடியது. 2012-இல் கர்டனும் யாமனாகாவும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இவ்வணுவைத் 'தண்டுச் செல்' என எழுதுவோர் உளர். தண்டு வளர்ந்து முடிந்தது. குருத்தோ இனி விரிய வேண்டியது. வாழைத்தோட்டங்கள் நிறைந்த இம்மாவட்டத்தார்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுமா? 'குருத்தணு' என்பதே பொருந்தும் என்பது என் துணிபு.

முன்னர் மனிதக் கருக்குருத்தணுவைப் பெறச் சில நாள் வளர்ந்த கருவைச் சிதைக்க வேண்டியிருந்தது. இறைநம்பிக்கையாளர் பலரை உறுத்திய அவ்வினா இப்புதிய முறையில் எழவில்லை. திருமறையில் முதன்முதலாக அருளப்பட்ட வசனங்கள் ஓதுதலையும் எழுதுகோலையும் கருவின் தொடக்கத்தையும் ஒருசேரச் சொல்கின்றன. எனவே இக்கல்வி நமக்கு அயலானதன்று.

ஆயினும் ஓர் அச்சம் உண்டு. அந்நான்கு மரபணுக்களுள் ஒன்று புற்றுநோயோடு தொடர்புடையது. இம்முறையில் உருவான அணுக்களின் வழிவந்த எலிகள் சிலவற்றில் கட்டிகள் தோன்றின. இதனாலேயே ஆய்வாளர் நிதானிக்கின்றனர். நம் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வளாகத்துக் குருத்தணு ஆய்வு மையத்திலும் இத்துறை ஆய்வுகள் பொறுமையாகவே நடைபெறுகின்றன. வணிகர்க்கோ பொறுமை இல்லை. நானறிந்த குடும்பமொன்று, தசை நலிந்த மகனுக்காக, வளைகுடா உழைப்பில் வாங்கிய நிலத்தை விற்று, வெளியூர் மருத்துவமனையொன்றில் 'ஸ்டெம் செல்' ஊசி போட்டது. மகன் எழுந்து நடக்கவில்லை, நிலமும் திரும்பவில்லை. அவர்களைக் குறை கூற என் நா எழவில்லை. உண்மையைத் தமிழில் எடுத்துரைக்க அருகில் ஒருவரும் இல்லையே!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறை தெளிவானது. குருதி தொடர்பான குறிப்பிட்ட நோய்களுக்குச் செய்யும் குருதிக் குருத்தணு மாற்றமே ஏற்கப்பட்ட சிகிச்சை. ஏனையவை ஒப்புதல் பெற்ற ஆய்வுகளாக மட்டுமே நடைபெறலாம். ஆய்வு என்பார் எவராயினும், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் பதிவெண் யாது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. தமிழ்த்துறை மாணவர் விலங்கியல் மாணவரோடு அமர்ந்து இதனை ஒரு பக்கத்தில் எழுதட்டும். ஜமாஅத் பெரியோர்கள் அதனை ஜும்ஆ முடிந்ததும் படித்துக் காட்டச் செய்யட்டும்.