குதிக்கும் முன் கால் வலுக்கட்டும்

கைப்பந்தில் ஆண்களுக்கான வலையின் உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். அந்த வலைக்கு மேல் கை எழாவிட்டால் அடியும் இல்லை, தடுப்பும் இல்லை. ஆகவே, உயரக் குதிக்க வேண்டும் என்ற ஆசை நம் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் உண்டு. அந்த ஆசைக்கு நாம் காட்டும் வழிதான் தவறு என்பது என் கருத்து.

விடுதிகளுக்கிடையிலான போட்டி நெருங்கினால் போதும், மாலைதோறும் சிமெண்டுத் தரையில் நூறு, இருநூறு முறை குதிக்க வேண்டும். பந்தைத் தவறவிட்டால் தண்டனையாக மேலும் இருபது. வியர்வை கொட்டுகிறது, உழைத்த திருப்தியும் கிடைக்கிறது. ஆனால், களைத்த கால் உயரக் குதிக்கப் பழகுவதில்லை. முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண்தான் நோகத் தொடங்குகிறது. ‘குதிப்பவர் முழங்கால்’ என்றே இதற்குப் பெயர் உண்டு.

பெட்டியின் மீதிருந்து இறங்கி, தரையைத் தொட்டதும் மேலே எழும்பும் பயிற்சியை 1960களில் சோவியத் நாட்டின் யூரி வெர்கோஷான்ஸ்கி வகுத்தார். 1975இல் அமெரிக்கரான ஃபிரெட் வில்ட் இவ்வகைப் பயிற்சிகளுக்குப் ‘பிளையோமெட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார். தரையிறங்கும்போது நீளும் தசை, ரப்பர் பட்டையைப் போல உடனே சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. ஆனால், இது ஏற்கெனவே வலுப்பெற்ற விளையாட்டாளர்களுக்காக வகுக்கப்பட்டது. நாமோ முதல் வாரத்திலேயே புதிய மாணவர்களைப் பெட்டி மீது ஏற்றுகிறோம்.

அப்படியானால் என்ன செய்யலாம்? வாரம் இரண்டு நாள் எடையுடன் குந்தி எழும் பயிற்சி வேண்டும். முழங்கால்கள் உள்ளே சாயாமல், ஓசையின்றித் தரையிறங்கப் பழக வேண்டும். அதன் பின்னரே குதிப்புப் பயிற்சி. ஒரு நாளைக்கு நாற்பது முறை குதித்தால் போதும். ஒவ்வொன்றும் முழு வேகத்தோடு, இடையில் ஓய்வோடு இருக்கட்டும். அடுத்த குதிப்புப் பயிற்சிக்கு முன் இரண்டு நாள் இடைவெளி விடலாம்.

நம் மாணவிகளுக்கு இது இன்னும் அவசியம். ஏ.சி.எல். எனப்படும் முழங்கால் தசைநார் அறுபடும் ஆபத்து, குதித்துத் தரையிறங்கும் விளையாட்டுகளில் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். “பெண் பிள்ளைக்கு எடை தூக்குவது எதற்கு?” என்று கேட்டு அவர்களை உடற்பயிற்சிக் கூடத்துக்கு வெளியே நிறுத்துவது அக்கறை ஆகாது.

கால் வலுப்பெற இரண்டு மூன்று மாதமாவது ஆகும். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது விழித்துக்கொண்டால் பயனில்லை. பருவத் தொடக்கத்திலேயே தொடங்க வேண்டும். நண்பர்களே, கோப்பை ஓராண்டுதான் நம் அலமாரியில் இருக்கும். முழங்கால் வாழ்நாள் முழுவதும் வேண்டும்.