இடிவது வயதால் அன்று

புதுச்சேரியின் பழைய வீதிகளில் வீடு விலைபேசப்படும் முறையை உற்றுநோக்கினால், விலை பெரும்பாலும் மனைக்கே வைக்கப்படுவதும், மனைமேல் நிற்கும் வீடு இடிப்புச் செலவாகக் கணக்கில் கழிக்கப்படுவதும் புலப்படும். நூறாண்டு கடந்த வீடு குடியிருக்க உதவாது என்ற பரவலான நம்பிக்கையே இக்கணக்கின் அடித்தளம். அவ்வீட்டை இடித்து அடுக்ககம் எழுப்புவோரும், அதை விடுதியாக்கிக் காப்பாற்றிவிட்டதாகப் பெருமை கொள்வோரும் எதிரெதிர் அணியினராகத் தோன்றினாலும், அங்கே ஒரு குடும்பம் சமைத்து, உறங்கி, பிள்ளை வளர்த்து வாழ இயலாது என்பதில் இருவரும் ஒருமித்தே நிற்கின்றனர். அந்த ஒருமிப்பு ஆராயப்படாத ஒன்று. ஆராய்ந்தால் நிலைக்காத ஒன்று.

புதுச்சேரியில், பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே கடலையொட்டிப் பிரெஞ்சியர் பகுதியும், மேற்கே தமிழர் பகுதியும் அமைந்தன. வீதிகள் ஒன்றையொன்று நேராக வெட்டிச் செல்லும் கட்ட அமைப்பு, 1693 முதல் 1699 வரை நகரைக் கைக்கொண்டிருந்த டச்சுக்காரரின் திட்டத்தில் வேர்கொண்டது. 1761-இல் ஆங்கிலேயர் நகரைத் தகர்த்த பின்னரும் அதே அமைப்பின்மேல்தான் வீடுகள் மீண்டும் எழுந்தன. தமிழர் வீட்டின் முகப்பில், வீதியோரம் மரத்தூண்களின்மேல் ஓடு வேய்ந்து வழிப்போக்கருக்கு நிழல் தரும் தாழ்வாரமும், அதையடுத்து வந்தவர் அமரும் திண்ணையும், உள்ளே ஒளியையும் காற்றையும் வீட்டுக்குள் இறக்கும் முற்றமும் உண்டு. கீழ்த்தளம் இவ்வாறு தமிழ் முறையிலும், மேல்தளம் வளைவுச் சாளரங்களோடு பிரெஞ்சு முறையிலும் அமைந்த கலப்பு வீடுகளும் பல. இவையனைத்தும் குடியிருப்பதற்கென்றே கட்டப்பட்டவை என்பதைச் சொல்ல நேர்வதே, நம்பிக்கை எவ்வளவு தலைகீழாகியுள்ளது என்பதைக் காட்டும்.

பழைய வீடு உறுதியற்றது என்பது இந்நம்பிக்கையின் முதற்கூறு. 2014 நவம்பரில், கடற்கரையில் நகராட்சி மன்றமாக விளங்கிய மேரி கட்டடம் மழையில் சரிந்து விழுந்தது, இன்றும் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால் அக்கட்டடத்தைவிட மூத்தவையான, 1738-இல் எழுந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும், 1791-இல் கட்டி முடிக்கப்பட்ட அமலோற்பவ அன்னை பேராலயமும் அதே மழைகளைத் தாங்கி நிற்கின்றன. ஆகவே வயது காரணமாக இருக்க முடியாது, பழுதுற்ற நிலையில் செப்பனிடப்படாது கிடந்ததே காரணம். அதே 2014-இல், ஜூன் 28 அன்று, சென்னை மவுலிவாக்கத்தில் கட்டி முடிக்கப்படாத 11 மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து 61 பேர் மாண்டனர். அதைக் கண்டு புதுக் கட்டடங்களே குடியிருக்க உதவாதவை என்று எவரும் முடிவு கட்டவில்லை. அந்தக் கட்டடத்தில் என்ன பிழை என்று மட்டுமே கேட்டனர். பழைய வீட்டுக்கும் அதே கேள்வியைக் கேட்பதுதான் முறை.

அவ்வாறு கேட்டால் விடை பெரும்பாலும் கூரையில் கிடைக்கும். இவ்வீடுகளின் தளம் மெட்ராஸ் டெரஸ் எனப்படும் வகையைச் சேர்ந்தது: உத்தரங்களின்மேல் மரச்சட்டங்களைப் பரப்பி, மெல்லிய செங்கற்களை விளிம்பில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் ஒட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை இடித்துக் கெட்டித்து, தட்டோடு பதிப்பது அதன் முறை. ஓட்டின் இடுக்கில் விரிசல் விழுந்து, மழைநீர் இறங்கி, சுவருக்குள் புதைந்திருக்கும் மரச்சட்டத்தின் முனையை உளுக்கச் செய்யும்போதுதான் தளம் இறங்குகிறது. ஆண்டுதோறும் மழைக்கு முன் மொட்டைமாடியைப் பார்வையிடும் வழக்கம் நின்ற வீடுகளே இந்நிலைக்கு வருகின்றன. பழுதுபார்ப்பதாக எண்ணிச் சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமென்ட் பூசுவது நிலைமையை மேலும் கெடுக்கும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் அதை உள்ளேயே அடைக்கும், அடைபட்ட ஈரம் உப்பாகப் பூத்துப் பூச்சை உதிர்க்கும். பின்னர் அந்த உதிர்வே முதுமைக்குச் சான்றாகச் சுட்டப்படுகிறது. கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்க வைப்பதைக் கடலோர அடுக்ககங்களில் வாழ்வோர் அறிவர். சுண்ணாம்பால் கட்டிய செங்கற்சுவரிலோ துருப்பிடிக்கக் கம்பியே இல்லை.

வசதியின்மை இரண்டாம் கூறு. இதில் உண்மை இல்லாமலில்லை: கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருக்கும், மின்கம்பிகள் காலாவதியாகியிருக்கும், கார் நிறுத்த இடமிராது, சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார் எளிதில் கிடைப்பதில்லை. எனினும் கழிப்பறையும் மின்கம்பியும் மாற்றத்தக்கவை. முற்றமும் தடித்த சுவரும் தரும் குளுமையோ ஓர் அடுக்ககத்தில் பின்னர் சேர்க்கத்தக்கதன்று. மரபுப் பட்டியலில் இடம்பெற்றால் ஆணிகூட அடிக்க முடியாது என்ற அச்சமும் இதனோடு ஒட்டிக்கொண்டது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாதிரிக் கட்டட விதிகள் மரபுக் கட்டடங்களைத் தரம் பிரிக்கின்றன. தலையாய முதல் தரத்துக்கே கடுமையான தடை, அடுத்த தரங்களில் உட்புற மாற்றங்களுக்கு இடம் உண்டு. வீதிக்கு உரியது முகப்பு, வீட்டாருக்கு உரியது அகம் என்பதே இப்பிரிவினையின் சாரம்.

அவ்வாறாயின் வீடுகள் ஏன் இடிபடுகின்றன? பெரும்பாலும் பாகப்பிரிவினையால். தாத்தா கட்டிய வீட்டுக்குப் பத்துப் பங்காளிகள் உரிமையாளராகும்போது, முற்றத்தைப் பத்தாக வெட்ட முடியாது. கட்டுமான நிறுவனம் தரும் அடுக்ககப் பங்குகளையோ ரொக்கத்தையோ எளிதில் வெட்டலாம். புதுச்சேரியில் இச்சிக்கலுக்கு மேலும் ஒரு முடிச்சு உண்டு. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணையின்படி தங்கள் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்' குடும்பங்களுக்கு, அதாவது துறந்தோருக்கு, வாரிசுரிமை அச்சட்டப்படியே அமையும். ஏனைய இந்துக் குடும்பங்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். வாங்குவோர் வில்லங்கச் சான்றோடு நில்லாமல், விற்கும் குடும்பம் எச்சட்டத்துக்கு உட்பட்டது, வாரிசுகள் அனைவரும் கையொப்பமிட்டனரா என்று பார்ப்பது இன்றியமையாதது. குடும்பம் தீர்க்காத வழக்கின் பழியைச் சுவரின்மேல் போடுவது நேர்மையன்று.

விடுதியாக்குதல் இடிப்பதைவிட மேலானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் விடுதிக்கு வருவோர் இரண்டு நாள் தங்கிச் செல்வோர். திண்ணையில் பக்கத்து வீட்டாரோடு அமர்ந்து பேச அங்கே எவருமிரார். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் முனைந்து நின்று செப்பனிட்ட வைசியாள் வீதி, 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளுள் ஒன்றைப் பெற்றது. அங்கே காப்பாற்றப்பட்டது தனியொரு மாளிகை அன்று. சுவரோடு சுவர் சேர்ந்து, தாழ்வாரத்தோடு தாழ்வாரம் தொடர்ந்து நிற்கும் வீடுகளின் வரிசை. அந்த வரிசையில் ஒரு வீடு இடிந்தால் வீதியே பல்லிழந்த வாயாகும். ஒரு வீடு ஆளின்றிப் பூட்டிக் கிடந்தால், அதன் கூரையில் இறங்கும் நீர் அடுத்த வீட்டுச் சுவரையும் நனைக்கும்.

எனவே பழைய வீதியில் வீடு தேடுவோர் முதலில் கேட்க வேண்டியது வீட்டின் வயதை அன்று. மொட்டைமாடியில் நீர் தேங்குகிறதா, சட்டங்களின் முனை உறுதியாக உள்ளதா, பத்திரத்தில் வாரிசுகளின் கையொப்பம் முழுமையாக உள்ளதா என்னும் மூன்று கேள்விகளையும் ஒரு கட்டமைப்புப் பொறியாளரையும் ஒரு வழக்கறிஞரையும் கொண்டு தீர்த்துக்கொள்ளட்டும். விடை சாதகமாக இருந்தால் வாங்கிக் குடியேறட்டும். பாதகமாக இருந்தால் விலகட்டும். இச்சோதனை எதுவுமின்றி, பழையது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு வீட்டை இடிப்புச் செலவாக எழுதுவது கணக்கும் ஆகாது, அறமும் ஆகாது.