வேனிலில் பிரிந்து காரில் திரும்புதல்

பொருள்வயிற் பிரிவைப் பாலைத் திணையில் வைத்த நம் முன்னோர் வேனிலை அதற்குரிய பெரும்பொழுதுகளுள் ஒன்றாக வகுத்தனர். தலைவன் திரும்புவதாகச் சொல்லிச் செல்லும் பருவம் கார். அதாவது ஆவணியும் புரட்டாசியும். அமெரிக்கக் கோடை முகாம்களுக்கு வேலைக்குச் செல்லும் இளைஞனின் நாட்காட்டியும் ஏறத்தாழ இதுவே. ஜூனில் பிரிந்தால் ஆவணியில் வீடு திரும்பலாம். இப்பிரிவு நம் மாணவர்களுக்குத் தகுமா என்பதே என் கேள்வி.

1861இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிரெடரிக் கன் என்னும் ஆசிரியர் தம் மாணவர்களை அழைத்துச் சென்று கூடாரமிட்டுத் தங்கினார். அமெரிக்கக் கோடை முகாம் மரபின் தொடக்கமாக அதைக் குறிப்பிடுவது வழக்கம். முகாமில் சிறுவர் குழுவொன்றைத் தன் பொறுப்பில் ஏற்று, அவர்களோடு உண்டு, உறங்கி, விளையாடி, வீட்டு நினைவில் அழுபவனைத் தேற்றுபவரே கேம்ப் கவுன்சிலர். இவ்வேலைக்கு வெளிநாட்டினர் ஜே-1 விசாவில் செல்லலாம். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். ஆங்கிலம் பேசத் தெரிந்திருக்க வேண்டும். நான்கு மாதங்களுக்கு மேல் தங்க இயலாது. சமையற்காரராகவோ பாத்திரம் கழுவுபவராகவோ ஆள் சேர்க்க இத்திட்டத்தைப் பயன்படுத்தலாகாது என்று விதியே சொல்கிறது.

விதியில் இன்னொரு நுட்பமும் உண்டு. அமெரிக்கக் கவுன்சிலருக்கு நிகரான ஊதியம் வெளிநாட்டவருக்கும் தரப்பட வேண்டும். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஆண்டில் ஏழு மாதங்களுக்கு மேல் இயங்காத முகாம்களுக்கு அந்நாட்டின் கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் விலக்களித்திருக்கிறது. ஆகவே நம்மவருக்குக் கிடைப்பது குறைவானதில் சமபங்கு. ‘பண்பாட்டுப் பரிமாற்றம்’ என்ற பெயரை மட்டும் நம்பி, விமானக் கட்டணத்துக்குக் கடன் வாங்குவோர் முதலில் இக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 2020 ஜூன் 22 அன்று ஓர் அறிவிப்பாணையால் இவ்வகை விசாக்காரர்களின் நுழைவு நிறுத்தப்பட்டு, 2021 மார்ச் இறுதிவரை அந்நிலை நீடித்ததையும் மறக்கலாகாது.

அடுத்தது பருவச் சிக்கல். நமக்குக் கோடை ஏப்ரல், மே. அக்னி நட்சத்திரம் முடிந்த சில நாட்களில் நம் கல்லூரிகள் திறந்துவிடுகின்றன. அமெரிக்க முகாம்களோ அப்போதுதான் தொடங்கி ஆகஸ்டில் முடிகின்றன. படித்துக்கொண்டிருக்கும் மாணவர் ஒரு பருவத்தின் பாதியை இழக்காமல் போக முடியாது. அவர்களுடைய கோடைக்கேற்ப வகுத்த வேலை, நம் கோடைக்குப் பொருந்தவில்லை.

திருவண்ணாமலையில் வாழ்பவர்களுக்கு இதன் மறுபக்கமும் தெரியும். 1931இல் ரமணரைக் காண வந்த பால் பிரண்டன் 1934இல் வெளியிட்ட நூலுக்குப் பின், மலையைத் தேடி வரும் வெளிநாட்டவர் வரத்து ஓயவில்லை. அவர்களில் சிலர் இங்கே குழந்தைகளுக்கு ஓவியமும் இசையும் கற்றுத் தருகின்றனர்; அது நல்ல செயலே. இந்தியாவின் இணையவழிச் சுற்றுலா விசாவிலேயே ஒரு மாதம்வரை ஊதியமற்ற தன்னார்வப் பணிக்கு இடமிருக்கிறது. இங்கிருந்து செல்பவரோ, திரும்பி வருவேன் என்று தூதரக அதிகாரியை நம்பவைத்தாக வேண்டும். தலைவிக்குச் சொன்ன உறுதிமொழியைத் தலைவன் இப்போது விசா அலுவலரிடம் சொல்கிறான்!

அப்படியானால் போக வேண்டாம் என்கிறேனா? இல்லை. போக முடிந்தவர்கள் போகட்டும். பட்டப்படிப்பை முடித்து, மேற்படிப்புக்கோ வேலைக்கோ இடைவெளி வாய்த்தவர்களுக்கு இது நல்ல பயிற்சி. முன்பின் தெரியாத குழந்தைகளின் நம்பிக்கையைப் பெறுவது எந்த வகுப்பறையிலும் கற்பிக்கப்படாத கலை. என்னைத் துன்புறுத்துவது வேறொன்று. குழந்தைகளோடு ஒரு கோடையைக் கழிப்பது மதிப்புமிக்க, கூலிக்குரிய வேலை என்ற எண்ணமே நம்மிடம் உருவாகவில்லை. நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் அதில் உண்டு. அந்த ஏழு நாட்களும் பெரும்பாலும் துப்புரவிலும் மரக்கன்று நடுவதிலும் கழிந்துவிடுகின்றன. இவை தேவைதான், ஆனால் அக்கிராமத்துக் குழந்தைகளின் பெயர்கூடத் தெரியாமல் மாணவர்கள் பேருந்து ஏறுகிறார்கள்.

தன்னார்வலருக்குப் பணம் தருவதா என்று தயங்க வேண்டியதில்லை. 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே தொடங்கப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தில் தன்னார்வலர்களுக்கு மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. தொகை சிறிதே. எனினும் குழந்தையோடு செலவிடும் நேரத்துக்கு விலையுண்டு என்பதை அரசே ஒப்புக்கொண்ட முன்னுதாரணம் அது.

ஆகவே என் கோரிக்கை எளியது. மே மாதத்தில், ஜவ்வாது மலை ஊர்களிலும் சமவெளியின் கிளை நூலகங்களிலும் மூன்று வாரக் குழந்தைகள் முகாம்கள் நடக்கட்டும். கல்லூரி மாணவர்கள் அங்கே ஊதியம் பெற்றுப் பணியாற்றட்டும். தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு இதில் முதலிடம் வேண்டும். கதை, விடுகதை, நாட்டார் பாடல், கூத்து என்று கையிருப்பு மிகுந்தவர்கள் அவர்களே. தமிழ் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று ஆண்டுதோறும் பெற்றோர் கேட்கிறார்கள். அதற்கு நாணயமான ஒரு விடையாகவும் இது அமையும்.

கடல் கடந்து போகும் இளைஞரும் முதல் கோடையை இங்கே கழித்துவிட்டுப் போகட்டும். அங்குள்ள குழந்தைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க அவரிடம் ஏதேனும் இருக்கும்.