விளையாட்டில் சாதி இல்லையாம்!

மதியச் சாப்பாட்டு நேரம். வங்கியில் எனக்கு அடுத்த கவுண்டர்க்காரர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொல்கிறார்: "எல்லாத்துலயும் சாதி பாக்கறீங்க சார். விளையாட்டுல ஏது சாதி? எந்தக் கை தொடுதுன்னு பந்துக்குத் தெரியுமா?"

பந்துக்குத் தெரியாதுதான். அது செத்த மாட்டின் தோல். அதை உரித்தவன் யார், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி ஊறவைத்தவன் யார் என்று எங்கள் அரக்கோணத்திலிருந்து ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தோல்ஷாப்புக்குப் போகிறவனைக் கேளுங்கள். பந்துக்குத் தெரியாதது மைதானத்துச் சொந்தக்காரனுக்கு நன்றாகவே தெரியும்.

அவரிடம் சொல்ல நினைத்து, சோறு ஆறிவிடும் என்று விட்ட கதையைத் தோழர்களிடம் சொல்கிறேன்.

1951. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம். ஏசு சபைப் பாதிரிமார் நடத்துவது. அதன் கால்பந்து அணிக்கு 'டான்ஸ்' என்று பெயர். அமெரிக்கக் கால்பந்து என்றால் நாம் உதைக்கிற ஆட்டமில்லை. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறிக்கிறவனை முட்டித் தள்ளி ஓடுவது. (அந்தப் பந்துக்குப் பட்டப்பேர் பன்றித்தோல். செய்வதென்னவோ மாட்டுத்தோலில்.) பயிற்சியாளர் ஜோ குஹாரிச். அந்த சீசனில் 9 ஆட்டம், 9 வெற்றி. ஓலி மேட்சன் என்ற ஆட்டக்காரர் 1566 கெஜம் ஓடி நாட்டிலேயே முதலிடம், 21 டச்டவுன். எதிரியைத் தடுத்து வீழ்த்துகிற வேலை பர்ல் டோலருக்கு. இவர்கள் இரண்டு பேரும் கறுப்பர்கள்.

சீசன் முடிந்ததும் ஜெயித்த அணிகளைப் புத்தாண்டை ஒட்டி 'பௌல்' என்ற பெரிய போட்டிகளுக்குக் கூப்பிடுவார்கள். அதில் பணம் உண்டு. கையில் காசில்லாமல் தள்ளாடிய அந்த அணிக்கு அதுதான் உயிர்மூச்சு. ஆனால் பௌல்களில் பல நடந்தது தெற்கே. கறுப்பனுக்குத் தனிக் குழாய், தனி இருக்கை வைத்திருந்த மாநிலங்களில். அந்த ரெண்டு பேரையும் விட்டுவிட்டு வருவதானால் வரலாம் என்பதுதான் நிபந்தனை என்று ஆட்டக்காரர்களே பிற்காலத்தில் சொன்னார்கள்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? 'அவங்க இல்லாம நாங்க வரல.' அவ்வளவுதான். தீர்மானமும் இல்லை, மாநாடும் இல்லை.

அழைப்பு வரவில்லை. அந்த சீசனோடு பல்கலைக்கழகம் அணியையே மூடிவிட்டது. கூப்பிடாத கமிட்டிக்காரனுக்கு ஏதாவது ஆனதா? மயாமியில் ஆரஞ்ச் பௌல் 1952 ஜனவரி 1 அன்று வேறு ரெண்டு அணிகளை வைத்து ஜாம்ஜாமென்று நடந்தது. மேட்சன் அதே வருஷம் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் ஓடி ரெண்டு பதக்கம் வாங்கினார். டோலருக்கு முழங்கால் போய் ஆட்டம் முடிந்தது. 1965இல் தொழில்முறைக் கால்பந்துக் கழகத்தின் முதல் கறுப்பு நடுவரானார்.

அந்த வெள்ளைப் பையன்களைச் சாமியாக்கிக் கும்பிட வேண்டியதில்லை. அவர்கள் இழந்தது ஒரு போட்டி. தனிக் குழாயில் தண்ணீர் குடித்தவன் இழந்தது வேறு. ஆனாலும் எழுந்து நின்றார்களே. இங்கே எவன் நின்றான்?

பூனாவுக்கு வாருங்கள். பல்வங்கர் பாலு, சமார் சாதியில், தோல் தொழில் சாதியில் பிறந்த பந்துவீச்சாளர். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தவர். அவரை வைத்து இந்து அணி வெள்ளைக்காரனை ஜெயித்தது. மைதானத்தில் அவர் தொட்ட பந்தைத் தொடலாம்; டீ மட்டும் பெவிலியனுக்கு வெளியே, மண் குவளையில். கேப்டன் பதவி? மூச்! (இதே பாலு 1937 தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். அது தனிக் கணக்கு, அதையும் ஒருநாள் பேசத்தான் வேண்டும்.) 1920இல் தலைமை மறுக்கப்பட்டபோது அணியிலிருந்து விலகியவர்கள் விட்டல், சிவராம். ரெண்டு பேரும் பாலுவின் கூடப்பிறந்த தம்பிகள். கவனியுங்கள் தோழர்களே, கூடப்பிறந்தவன்தான் விலகினான். கூட ஆடியவன் ஆடப் போனான். 1923இல் விட்டல் கேப்டன் ஆனார் என்றால், அது இந்தச் சண்டையில் பிடுங்கியது. எவனும் தானமாகக் கொடுக்கவில்லை.

பழங்கதை என்பீர்கள். நான் கல்லூரி கபடி அணியில் ஆடினேன். பன்னிரண்டு பேரில் சேரிப் பையன்கள் ரெண்டு பேர். ஒரு ஊரில் கோப்பை ஜெயித்தோம். கடைசி ரெய்டில் மூணு பேரை அவுட்டாக்கியது நான்தான். தோளில் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் சுத்தினார்கள். ராத்திரி ஊர்ப் பெரியவர் ஒருத்தர் வீட்டில் கறிச்சோறு. பத்துப் பேருக்குக் கூடத்தில் பந்தி. எங்கள் ரெண்டு பேருக்கு மட்டும் வெளியே, மாட்டுக் கொட்டகைப் பக்கம் இலை போட்டிருந்தது. உள்ளே பார்த்தேன். ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். பசி. நானும் சாப்பிட்டேன், அதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

போன மாசம் அந்த அணியின் கேப்டன் போன் பண்ணினான். பழைய டீம் எல்லாரும் சந்திக்கிறோம், நீ இல்லாம எப்படிடா, வந்துடு என்றான்.

"சாப்பாடு எங்கடா?" என்று கேட்டேன்.

லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். இல்லை, அந்தப் பக்கம் அவன் இருந்தான்.